அளவுக் கம்பி இல்லாத கார்

ஜூன் 9

இது டயர் கடையில் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுத்த டைரி. ஜனவரி முதல் தேதியில் ‘நாளையிலிருந்து தினமும் ஓட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். ஜனவரி இரண்டில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் இன்றுதான்.

அண்ணனைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். “இனிமே இங்க வெச்சிருக்க வேண்டியதில்லைங்க. வீட்டுல பிடிச்சதைச் சாப்பிட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும்” என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றால் நல்லதுதானே. அம்மா ஏன் நாமக்கல் வருகிறவரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை.

போர்ட்டிகோவில் அவன் கார் நின்றது. பெங்களூரிலிருந்து அவன் நண்பன் நேற்றே ஓட்டி வந்து விட்டுப் போயிருந்தான். ஜெர்மன் கார், கறுப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். ஆனாலும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் லாரிதான் உண்டு, இப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

அப்பாவின் ஜீப்பிலிருந்து இறங்கிய அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் காருக்குப் போனான். அவன் சாவியோடு ஏறினால் டிரைவர் சீட் தானாகப் பின்னால் நகர்ந்து அவன் உயரத்துக்குப் போய் நிற்கும். கதவில் 1, 2, 3 என்று பொத்தான்கள் இருக்கின்றன. 1 அவனுடையது. மற்ற இரண்டும் காலி. இன்று அந்த சீட் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது, வேறு யாரோ ஒருவருடைய சட்டை மாதிரி.

ஸ்கிரீனில் மஞ்சள் எழுத்து வந்தது. ஆயில் ஒரு லிட்டர் குறைகிறதாம்.

“சிந்து, நீ சும்மாதானே இருக்கற?”

“ஆமா. காலேஜ பாதியில விட்டவ சும்மாதான் இருப்பா. அதுக்கென்ன இப்ப?”

“சண்டைக்கு வராத குட்டச்சி. இதுக்கு ஆயில் வாங்கணும். கண்டதையும் தூக்கிட்டு வந்துராத. ஊத்திட்டு கொல்லிமலைக்குப் போலாம்.”

“யாரு ஓட்டறது?”

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். மலையில் ஓட்டத்தான் அவன் இந்தக் காரையே வாங்கினான். பெங்களூர் சிக்னல்களில் நிறுத்தி நிறுத்தியே ஓட்டிவிட்டான்.

ஜூன் 11

பரமத்தி ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் லாரி ஆயில் மலை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசிக் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். “ஜீரோ டபிள்யூ முப்பது ரகந்தானே கேட்ட? இந்தா, அதேதான்.”

அண்ணன் சொல்லியனுப்பியபடி டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கம் கார் கம்பெனியின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும். இல்லை.

“எண் இல்லைங்களே.”

“எண்ணா? ஏம்மா, காருக்கா வாங்கற, கொழந்தைக்கா வாங்கற? எல்லாம் ஒரே ஆயிலுதான். டப்பா மட்டுந்தான் வேற வேற.”

“அப்ப உங்க கார்ல கடலை எண்ணெய ஊத்துங்க, அதுவும் டப்பாலதான் வருது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் எங்கள் அப்பாவுக்கு போன் செய்து புகார் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, அம்மா ஓடி வந்து, என்னைத் திட்டினாள்.

ஜூன் 12

அப்பா காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். தோளில் துண்டு. லாரியை எடுப்பதற்கு முன் அளவுக் கம்பியை உருவி, துண்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, நுனியில் ஆயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவருக்குக் காலை விடிவது அப்படித்தான்.

“கம்பி எங்க புள்ள?”

“இதுக்குக் கம்பி இல்லப்பா. ஸ்கிரீன்ல காட்டும்.”

“ஆயிலை ஸ்கிரீன்ல பாக்கறதா? காச்சல் வந்தவன டிவியில பாக்கற மாதிரி.”

“அப்படித்தான்ப்பா வருது இப்ப.”

“என்ன எழவோ. கண்ணுல ஆயிலைப் பாக்காம நான் வண்டிய எடுத்ததில்ல. கொல்லிமலைக்கு லோடு போறதுன்னா ரெண்டு லிட்டர் கூட ஊத்திட்டுத்தான் ஏறுவேன். ஒரு நாளும் வண்டி என்னை நடுவழியில விட்டதில்ல.”

இது லாரி இல்லை என்று சொன்னேன். “எல்லாம் இன்ஜின்தானே” என்றார். பானெட்டை மூடாமலேயே போய்விட்டார்.

ஜூன் 14

சரியான ஆயில் சென்னையில் ஒரு கடையில் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அண்ணன் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான்.

“இதேதான். சொல்லிரு.”

“ஒரு லிட்டர் ஆயிலுக்கு இவ்வளவு பாக்கணுமாடா?”

“இந்த இன்ஜினுக்குள்ள ஆயில் போற வழியெல்லாம் முடி மாதிரி இருக்கும். கெட்டியா இருந்தா போய்ச் சேராது. மெல்லிசா இருக்கறதாலதான் எல்லா எடத்துக்கும் போகும்.”

சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான். இப்போதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறான். மாத்திரை அப்படி.

ஜூன் 15

பார்சல் வரவில்லை. அண்ணன் இன்று சாப்பிடவில்லை. வெயில் ஜாஸ்தி.

ஜூன் 18

சாயங்காலம் வெளியே வர வேண்டும் என்றான். கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். காரின் டிரைவர் கதவைத் திறந்து, “ஏறு” என்றான்.

நான் இந்தக் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. போன பொங்கலுக்கு ஒரு தடவை கேட்டேன். “நீ எதையும் முடிச்சதில்ல. தெரு முனையில விட்டுட்டு நடந்து வந்துருவ” என்றான். ஹாக்கி, டைப்ரைட்டிங், காலேஜ் என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினான். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை.

ஏறினேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

“பிரேக்கை முழுசா மிதி. எட்டுதா?”

“எட்டல.”

“முன்னால வா. இன்னும். இப்ப மேல ஏத்து. பானெட் தெரியுதா?”

“நான் குட்டைன்னு தெரு பூரா தெரியட்டும், இன்னும் சத்தமா சொல்லு.”

“கண்ணாடியப் பாரு. பின் டயர் தெரியுதா? எந்தப் பக்கம் தெரியல?”

எல்லாம் சரியாகும்வரை விடவில்லை. கடைசியில் கதவுப் பக்கம் கையை விட்டு எதையோ அழுத்தினான். டிங் என்று ஒரு சத்தம். “சரி, எறங்கு” என்றான். அவ்வளவுதான். ஓட்டக்கூட விடவில்லை. நிற்க முடியாமல் அவன் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, என்னைக் கிண்டல் செய்ய மட்டும் தெம்பிருக்கிறது.

ஜூன் 20

ஆயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். அம்மா டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டாள். அவர் “தாராளமாப் போயிட்டு வாங்க, தள்ளிப் போடாதீங்க” என்றாராம். அம்மா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். குளித்த மாதிரித் தெரியவில்லை.

அப்பாவிடம் டப்பாவைக் காட்டினேன். மூடியைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“இது ஆயிலா, தண்ணியா?”

“இதுக்கு இதான்ப்பா.”

“எழுபது வளைவு கண்ணு. பையன உள்ள உக்கார வெச்சுட்டு எழுபது வளைவு ஏறோணும். இந்தத் தண்ணிய நம்பியா?”

“கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்ப்பா.”

“கம்பெனிக்காரன் கொல்லிமலை ஏறியிருக்கானா?”

ஜூன் 21

ஒரு லிட்டரை ஊற்றினேன். நான், என் கையால், ஒரு சொட்டு சிந்தாமல். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால்தான் அளவு காட்டும். அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினான், “என்னாச்சு?” ஸ்கிரீனைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பச்சைக் கோடு மேல் எல்லையைத் தொட்டு நின்றது.

“பர்ஃபெக்ட்” என்றான். அவன் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூன் 22

விடிந்ததும் கிளம்பினோம். நான் எழுந்து வரும்போது அப்பா ஏற்கெனவே குளித்துவிட்டு, பானெட்டில் விபூதி பூசி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. துண்டில் ஆயில் கறை. லாரியைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

அண்ணன் முன் சீட்டில், இடுப்புக்குத் தலையணை. அம்மா பின்னால். அப்பா ஜீப்பில். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினான். ஏறினதும் சீட் வழக்கம்போல அவன் இடத்துக்குப் பின்னால் போய்விட்டது, என் கால் அந்தரத்தில்.

“ரெண்டை அழுத்து” என்றான்.

அழுத்தினேன். சீட் முன்னால் வந்தது, மேலே ஏறியது, கண்ணாடிகள் இரண்டும் தாமாகத் திரும்பின. பானெட் தெரிந்தது. பின் டயர் தெரிந்தது. எல்லாம் எனக்குச் சரியாக இருந்தது.

பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தேன். “பாத்துப் போ. இது ஜீப் இல்ல, தொட்டாலே ஓடும்” என்றான், அவ்வளவுதான்.

சேந்தமங்கலம் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் ஜன்னலை இறக்கச் சொன்னான். காரவள்ளி அடிவாரத்தில் குரங்குகளைப் பார்த்து அம்மாகூடச் சிரித்தாள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் திரும்பும்போது ஸ்கிரீனில் சிவப்பு விளக்கு. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

“நிறுத்து. உடனே ஆஃப் பண்ணு.”

ஓரம் கட்டினேன். ஸ்கிரீனில் இருந்ததை இரண்டு பேரும் படித்தோம். ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறதாம். நேற்று நானே பார்த்தேன். கோடு சரியாக இருந்தது.

அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“என்னாச்சு? ஆயில் பத்தலியா? காலையில நானே ரெண்டு லிட்டர் ஊத்தினனே. நம்ம லாரி ஆயில், நல்ல கெட்டி ஆயில். மலை ஏறோணுமேன்னு…”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கே தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியில் பலமே இல்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

“சென்சார் போச்சுப்பா” என்றான் அண்ணன். “இந்தக் கார்ல அடிக்கடி போற சாமான்தான். ஆயிலெல்லாம் சரியா இருக்கு.”

“அப்ப நான் ஊத்தினது?”

“நீங்க ஊத்தினதாலதான் இன்ஜின் தப்பிச்சுது.”

அப்பாவுக்கு மூச்சு வந்தது. “நான் சொல்லல? தண்ணி ஆயில நம்பக் கூடாதுன்னு” என்று அம்மாவைப் பார்த்தார்.

ஜீப்பில் மாறி மேலே போகலாம் என்றேன். குலுக்கல் தாங்காது என்று அவனே சொன்னான். காரைத் தூக்கிச் செல்லும் வண்டி வரும்வரை அந்த வளைவிலேயே உட்கார்ந்திருந்தோம். கீழே வயல்கள் தெரிந்தன. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு வளைவு ஏறிட்டமில்ல” என்றான். “அப்பாட்ட சொல்லாத. எப்பவும்.”

ஜூன் 23

சென்னைக்கு போன் போட்டேன். முழு அளவும் வேண்டும், ஆறரை லிட்டர், ஃபில்டரும் வேண்டும். கலந்த ஆயிலை மொத்தமாக இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினால் சரியாகிவிடும், உடனே நிறுத்தியதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்கிறான் அண்ணன். அடுத்த ஞாயிறு மறுபடி போகலாம். மீதி அறுபத்தேழு வளைவு.

ஜூன் 26

சித்தப்பா பார்க்க வந்தார். அப்பா அவரைக் காருக்கு அழைத்துப் போய்க் காட்டினார். “நான் மட்டும் அன்னைக்கு ரெண்டு லிட்டர் ஊத்தலீன்னா இன்ஜினே உக்காந்திருக்கும்.” நான் உள்ளே போய்ப் பாத்திரம் விளக்கினேன். அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஜூன் 28

“ஆயில் வந்துருச்சா?” என்று கேட்டான். வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். வரவில்லை. அப்புறமும் கேட்டான். கேட்டது அவனுக்கு நினைவில்லை.

நான்காவது முறை, வந்துவிட்டது என்றேன். “பர்ஃபெக்ட்” என்றான்.

ஜூலை 1

பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

காரை வெளியே தள்ளச் சொன்னார்கள், ஆட்கள் உட்கார இடம் வேண்டுமாம். நான் சாவியைக் கொடுக்கவில்லை.

ஜூலை 2

ஒன்றும் இல்லை.

ஜூலை 6

பெங்களூரிலிருந்து அவன் ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். ஒருவன் காரைத் தொட்டுப் பார்த்து, “என்ன பண்ணப் போறீங்க, விக்கறதா?” என்று கேட்டான். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் கேட்காமலே அவனிடமும் சொன்னார். “ரெண்டு லிட்டர் நானா ஊத்தினேன் தம்பி. அவனே சொன்னான், அதாலதான் தப்பிச்சுதுன்னு.”

அதைச் சொல்லும்போது மட்டும்தான் அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் தரையைத்தான் பார்க்கிறார்.

ஜூலை 17

காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். அம்மா அண்ணனின் தலையணை உறையைத் துவைக்கவில்லை. என்னையும் துவைக்க விடவில்லை.

பார்சல் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 20

அப்பா சந்தைக்குக் கிளம்பினதும் வேலையை ஆரம்பித்தேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தேன். காரின் நான்கு டயரையும் பலகைகள் மேல் ஏற்றி, கீழே படுத்து, ஃபில்டரைக் கழற்றி மாட்டி, அடிப் போல்ட்டைத் திருப்பினேன். கறுப்பாக ஆயில் இறங்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் இரண்டு செருப்புகள் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

“சொல்லியிருந்தா நானும் வந்திருப்பனே. எந்திரி, தொட்டியை நான் புடிக்கறேன்.”

“சந்தைக்குப் போகலையாப்பா?”

“போவப் புடிக்கல.”

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொட்டியைப் பிடித்தார். ஆயில் நிற்கவே இல்லை. தொட்டி நிரம்பி விளிம்புக்கு வந்து, பக்கெட்டை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

“இதுக்கு எவ்வளவு புடிக்கும்?” என்று கேட்டார்.

“எட்டரைப்பா.” பொய் சட்டென்று வந்துவிட்டது.

அவர் தலையாட்டினார். போல்ட்டை முடுக்கினேன். மேலே புது ஆயிலை ஊற்ற அவரே புனலைப் பிடித்துக்கொண்டார். நான் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். யோசிக்காமல் ஆறரை லிட்டரில் நிறுத்திவிட்டேன். மூடியைப் போட்டு இறுக்கிய பிறகுதான் உறைத்தது.

அப்பா புனலைக் கையில் வைத்தபடியே நின்றார். மீதி ஆயில் இருந்த டப்பாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் லாரிக்கு ஆயில் மாற்றியவர். குனிந்து பக்கெட்டில் விரலை விட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

“எட்டரைன்னியே, புள்ள.”

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

“அன்னைக்கு வண்டி நின்னது…” என்றார். பக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “சென்சாரா சாமி?” என்று கேட்டார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு ரொம்ப வருஷமாகிறது.

“சென்சார்தான்ப்பா.”

“நெசமா?”

“அண்ணனே சொன்னானில்லப்பா.”

அவர் உதடு கோணியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆயில் கை, முகமெல்லாம் கறையானது.

“ஆமா” என்றார். “சொன்னான்.”

இனிமேல் இது எங்கள் மூன்று பேருக்கும் நடுவில்தான் இருக்கும். அதில் ஒருவன் இல்லை.

“அளவு எப்படிப் பாக்கறது இதுல?” என்றார்.

சாவியைக் கொடுத்து டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்ததும் சீட் அசைந்தது. பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சீட் மெதுவாகப் பின்னால் போய், கீழே இறங்கி, அண்ணனின் இடத்தில் நின்றது. அப்பாவும் என்னை மாதிரி குட்டைதான். கால் பெடலுக்கு எட்டவில்லை.

“அது அவனோட அளவுப்பா. முன்னால தள்ளித் தரேன், இருங்க.”

“வேண்டாம்.”

“கால் எட்டலையேப்பா.”

“எட்ட வேண்டாம். விடு.”

பக்கத்தில் ஏறி, அந்தப் பக்கமிருந்து எட்டி நானே பிரேக்கைக் கையால் அழுத்தி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. புகை இல்லை. சிவப்பு இல்லை. அம்மா சமையலறையிலிருந்து கை ஈரத்தோடு வந்து வாசலில் நின்றாள். அப்புறம் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

அளவு காட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றேன். மூன்று பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எல்லையில் போய் நின்றது.

“சரியா இருக்கா?” என்றார் அப்பா.

“சரியா இருக்குப்பா.”

அணைக்கக் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு புள்ள. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.”